ஒருமுறை சொன்ன பெயர்

போன மாதம் பாக்கியம் டீச்சருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் இரங்கல் கூட்டம் நடந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து என் மகன் காரில் கொண்டுபோய் விட்டான். கூட்டம் என்றாலே எனக்கு ஐந்தாவது நிமிஷத்தில் கண் சொக்கிவிடும். அன்றைக்கு என்னவோ தூக்கம் வரவில்லை. மண்டபத்தை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். தரையிலிருந்து பினாயில் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. மேடையில் ஓர் இளைஞர், டீச்சரின் சீர்திருத்த எண்ணங்கள் எந்தத் தலைவரின் பேச்சிலிருந்து வந்தன, எந்தப் புத்தகத்திலிருந்து வந்தன என்று அடுக்கிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார், பாவம். நான் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டேன்.

ஊரை விட்டு இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கியதும் எங்களைக் கொண்டுபோய் அடைத்த முகாமில் இதே வாடைதான். கிள்ளானைத் தாண்டி, துறைமுகத்துப் பக்கம், சேற்றுக் காட்டை ஒட்டி நீளமான கொட்டகைகள். கப்பலில் வந்தவர்களிடம் நோய் நொடி இல்லை என்று தெரிகிறவரை வெளியே விடமாட்டார்கள். குளிக்கிற தண்ணீரில் பினாயில், நடக்கிற தரையில் பினாயில். எங்கள் துணிகளையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய் ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். என் பாவாடை சுருங்கி முழங்காலுக்கு ஏறிவிட்டது என்று நான் அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லிக் காட்டியே பாக்கியம் சாகும்வரை என்னைக் கேலி செய்தாள். அவளுடைய பாய் எங்கள் பாய்க்குப் பக்கத்தில். எனக்கு ஆறு வயது, அவளுக்கு ஏழு. ஒரே கப்பலில் வந்தவர்கள் அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் மாதிரிதான். அவள் அம்மாவை நான் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அங்கேதான்.

நாங்கள் அப்பா அம்மாவோடு குடும்பமாக வந்தவர்கள். சின்னம்மாவின் வீட்டுக்காரர் பாக்கியம் கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கே வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரயில் பாதை வேலையில் இருந்தார். அவர் சொல்லி அனுப்பிய ஓர் ஊர்க்காரர்தான் தாயையும் மகளையும் கூட்டிவந்தார். அந்த மனுஷருக்குக் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. இறங்கியதும் அவரைத் தனியாக நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். இன்னாருடைய பெண்டாட்டி பிள்ளை வந்திருக்கிறார்கள் என்று ரயில்வேக்குச் சொல்லி அனுப்ப, புருஷன் பெயர் வேண்டும். அதைத்தான் சின்னம்மா சொல்லமாட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. புருஷன் பெயரைப் பெண் வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எல்லோரும் நம்பினோம். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையை முன்னால் தள்ளிவிடுவார்கள். பாக்கியத்தையும் தள்ளினார்கள்.

“உங்கட அப்பா பேர் என்ன பிள்ளை?” என்று கேட்டார் பெயர்களைப் பதிவு செய்கிற முகாம் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர்.

“அப்பா,” என்றாள் பாக்கியம்.

வேறு என்ன சொல்வாள்? வீட்டில் அந்தப் பெயரை அவள் கேட்டதே கிடையாது. அம்மாவுக்கு அவர் ‘அவங்க’, பாட்டிக்கு ‘பெரியவன்’. அப்பா என்பதே அவர் பெயர் என்று நினைத்திருக்கிறாள். கொட்டகையே சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை. சொந்த அப்பா பெயர் தெரியாத அவமானத்தில் முகம் கறுத்துப்போய், அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தபடி நின்றாள். அந்த முகம் எனக்கு இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு, “மலை மேல சாமி இருக்குமில்ல, அந்த ஊரு,” என்றாள். கிராணி, “திருத்தணியோ?” என்றார். தலை ஆடவில்லை. “பழனியோ?” ஆடியது. அவருக்குப் பெரிய நிம்மதி. அன்றைக்கே தகவல் போய்விட்டது. இரண்டு நாளில் பழனி என்று ஒருவர் வந்தார். வாலிபர், சலவை வேட்டி, கையில் பிஸ்கட் பொட்டலம் வேறு. சின்னம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். “இது அவங்க இல்ல.” அவரும், “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்களே,” என்றார். அப்படியானால் எதற்கையா வந்தாய் என்று என் அப்பா கேட்டதற்கு, “பொண்டாட்டி வந்திருக்குன்னு சொன்னாங்க, என்னான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார். பிஸ்கட்டை எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

பெரியவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. ஆள் மாறி வந்ததில் வெள்ளைக்கார அதிகாரிக்குக் கோபம். இனித் தலையாட்டல் செல்லாது, அந்தப் பெண்ணே தன் வாயால் புருஷன் பெயரை அவன் தகப்பன் பெயரோடு சொல்லவேண்டும், இல்லையென்றால் வந்த கப்பலிலேயே ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். புருஷன் பெயரே வராத வாயில் மாமனார் பெயர் எப்படி வரும்? என் அம்மா அவள் காதோடு, “சொல்லாத தங்கச்சி. ஊருக்குப் போனாலும் பரவாயில்ல,” என்றாள். ஊரில் இவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும்.

திரும்பிப் போகிறவர்களைக் கூப்பிட்ட காலையில், பாக்கியம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லும்மா, எனக்கு அப்பாவைப் பார்க்கணும்,” என்று கேட்டாள். சின்னம்மா எழுந்து கிராணியின் மேசைக்குப் போனாள். முணுமுணுப்பாள் என்று நினைத்தோம். “கருப்பண்ணன் மகன் பழனியாண்டி,” என்று கொட்டகையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய், வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள்.

பழனியாண்டிச் சித்தப்பா மறுநாளே ஓடி வந்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவள் அவர் காதில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாளாம். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லையாம். எங்கள் அப்பாவுக்கும் ரயில்வேயிலேயே வேலை கிடைத்து, ரயில்வே வேலையாட்கள் வரிசையாகக் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தோம். ஆனால் அடுத்த தீபாவளிக்குச் சித்தப்பா இல்லை. குளிர்காய்ச்சல். அந்த வருஷம் எங்கள் லயத்தில் எத்தனையோ பேரை அது கொண்டுபோயிற்று. ஆண்களும் பெண்களும் பச்சைக் குழந்தைகளும் போனார்கள். சின்னம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. “நான் சொன்னேன், அவங்க போயிட்டாங்க,” என்பாள். ஒப்பாரியாக இல்லை. உலையில் அரிசி போட்டேன் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம், சொல்லச் சொல்லிக் கையைப் பிடித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

சின்னம்மா ரயில்வே வளாகத்தில் புல் வெட்டி அவளைப் படிக்க வைத்தாள். பாக்கியம் டீச்சரானதும் செய்த முதல் வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பெண்களுக்கு மாலை வகுப்பு தொடங்கியது. அவளைத் தேடி அதிகாரிகள் வந்ததும், பெண்கள் சம்பந்தமாக எந்தச் சட்டம் என்றாலும் ‘டீச்சர் என்ன சொல்றாங்க’ என்று கேட்டதும் எல்லாம் பிற்பாடு. முதல் நாள் வகுப்பில் அ, ஆ கிடையாது. ஒவ்வொருத்தியும் எழுந்து, புருஷன் பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டும்.

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. ஒருத்தியின் புருஷன் வாசலில் வந்து நின்று, “என் ஆயுசுல கை வைக்காத டீச்சர்,” என்று சத்தம் போட்டார். நான் மட்டும் என்ன, வீராங்கனையா? என் முறை வந்தபோது எனக்குப் பலமாக இருமல் வந்தது. பாக்கியம் விடவில்லை. “இருமி முடிச்சிட்டுச் சொல்லுடி,” என்றாள். கோவிந்தன் என்றேன். வீட்டுக்குப் போய், அவர் தூங்குகிறாரா இல்லை வேறு ஏதாவதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அந்தக் கோவிந்தன் இப்போதும் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு கிடந்து, காப்பி ஆறிவிட்டது என்று என்னைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

பாக்கியத்துக்கு வேண்டியது அதுதான். மாலை தோறும் சின்னம்மாவை வகுப்பின் மூலையில் கொண்டுவந்து உட்கார வைப்பாள். வீட்டுக்குப் போகிற வழியில், “பார்த்தியாம்மா, எல்லாரும் சொன்னாங்க. எல்லாரு புருஷனும் நல்லாத்தான் இருக்காங்க,” என்பாள். ஊருக்காக நடந்த வகுப்பு என்று மேடையில் சொன்னார்கள். அது முதலில் ஒரே ஒருத்திக்காக நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த அஞ்சலையின் புருஷன் ரயில் பெட்டிகளுக்கு நடுவில் நசுங்கிச் செத்துப்போனார். துக்கம் கேட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் நடந்து வந்தோம். சின்னம்மா கேட்டாள்: “அந்தப் புள்ளயும் சொன்னாளா?”

“சொன்னா,” என்றாள் பாக்கியம். கொஞ்ச தூரம் போனதும் அவளே, “சொல்லாதவங்க புருஷனும் சாகுறாங்கம்மா. அப்பா செத்தது காய்ச்சல்ல. நீ சொன்னதால இல்ல,” என்றாள். அதுவரை அவள் அதை அப்படி நேராகச் சொன்னதில்லை.

சின்னம்மா நின்றாள். “என்னால இல்லேன்னா, அப்புறம் எதுக்குடி அவங்க செத்தாங்க?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எத்தனையோ சபைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன பாக்கியம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே நடந்தோம்.

அதற்குப் பிறகும் வகுப்பு நடந்தது. கிள்ளானில் ஒன்று, செந்தூலில் ஒன்று என்று பெருகியது. சின்னம்மாவை மட்டும் அவள் அழைத்துவரவில்லை. சின்னம்மா கண்ணை மூடும்வரை அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லவும் இல்லை.

கூட்டம் முடிந்து காரில் வரும்போது மகன், “டீச்சரைப் பத்தி நீங்களும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்லம்மா,” என்றான். என்னத்தைப் பேச. துறைமுகத்துக் கொட்டகைகள் இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். என் மருமகள் மாடியிலிருந்து என் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவனும் ‘வரேன் லா’ என்று போகிறான். பயந்தவள் போய்விட்டாள், அந்தப் பயத்தைப் போக்கியவளும் போய்விட்டாள். கருப்பண்ணன் மகன் பழனியாண்டி என்ற பெயரைச் சொல்ல இப்போது யாருக்கும் பயமில்லை. சொல்வதற்குத்தான் என்னை விட்டால் ஆள் இல்லை.