திருநீறு பூசிய குதிரை

காலை ஆறரைக்கு ஜெயரட்ணம் லாயத்துக் கதவைத் திறந்தால் ஏழாம் அறைக்குள்ளிருந்து மூன்று தட்டுக் கேட்கும். டொக், டொக், டொக். கேப்டன் என்ற கிழட்டுக் குதிரை முன்னங்காலால் கதவுப் பலகையைத் தட்டி, நான் முழித்துத்தான் இருக்கிறேன் என்று சொல்கிற விதம் அது. பதினொரு வருடமாக அந்தத் தட்டோடுதான் அவருடைய வேலைநாள் தொடங்கியது. கேப்டன் போய் எட்டு மாதமாகிறது. ஏழாம் அறையைக் கழுவி, சுண்ணாம்பு தூவிச் சும்மா விட்டிருக்கிறார்கள். தட்டு மட்டும் இன்னும் கேட்கிறது.

யாரிடம் போய் இதைச் சொல்வது? மனைவி ரதியிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அவள் அவருடைய காதுக்குள் எண்ணெய் விட்டாள்.

ஜெயரட்ணம் நாட்டிலிருந்து இந்தக் குளிர்தேசத்துக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவினவர். கலியாணமாகி அஜக்ஸில் வீடு வாங்கிய பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. யூனியன்விலுக்கு வடக்கே, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்குகிற இடம். அதன் உரிமையாளன் றிச்சர்ட் அவரை 'ஜே' என்றுதான் கூப்பிடுவான். சாணி அள்ளுவது, புல் வைப்பது, தண்ணீர் காட்டுவது ஜெயரட்ணத்தின் பாடு.

முதல்நாள் குதிரையைக் கிட்டப் பார்த்தபோது அவர் இரண்டடி பின்வாங்கினார். சட்டைப் பையில் எப்போதும் கோயில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். எடுத்துத் தன் நெற்றியில் பூசினார். கேப்டன் தலையைக் குனிந்து அந்தக் கையை முகர்ந்தது. பயத்திலோ பழக்கத்திலோ அதன் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டார். பிறகு கயிற்றைப் பிடித்துப் புல்வெளிக்குக் கூட்டிப் போனார். மற்ற நாளும் அப்படியே. திருநீறு பூசினால் புல்வெளி என்று குதிரை படித்துக்கொண்டது. பக்கத்து அறை ரோசியும் அதைப் பார்த்துப் படித்தது. பொட்டலத்தைக் கண்டதும் இரண்டும் தலையைக் குனியும். பழக வரும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன கார்த்திகையில் கேப்டனுக்குக் கால் ஏலாமல் போயிற்று. பிள்ளைகளைச் சுமக்க முடியாது. ஒரு நாள் முற்றத்தில் பெரிய ட்ரெயிலர் வந்து நின்றது. "கேப்டனுடைய வேலை முடிந்தது, ஜே. அது போகிறது" என்று மட்டும் றிச்சர்ட் சொன்னான். எங்கே என்று ஜெயரட்ணம் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை. ஊரில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு கிழடானால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். அது தன்பாட்டில் மேய்ந்து தன்பாட்டில் சாகும். இந்த நாட்டிலும் உழைத்த குதிரைக்கு அப்படி ஓரிடம் இருக்கத்தானே வேண்டும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

கேப்டன் ட்ரெயிலருக்குள் ஏற மறுத்தது. நான்கு பேர் கயிற்றில் தொங்கினார்கள். கண் வெள்ளை புரண்டு, உடம்பெல்லாம் வேர்வை. "ஜே, நீ வா" என்றான் றிச்சர்ட்.

அவர் போய்ப் பொட்டலத்தை எடுத்தார். அதன் நெற்றியில் பூசினார். "வா ராசா" என்றார். கேப்டன் தலையைக் குனிந்து, ஒரு குழந்தைப்பிள்ளை மாதிரி அவர் பின்னால் ஏறியது.

வழிக்குச் சாப்பிடட்டும் என்று ஒரு பை கரட்டை ட்ரைவரிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. "நாளைக்கு வெட்டப்போகிறார்கள். இறைச்சிக்கு. இனி எதற்குக் கரட்?" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான்.

கதவு சாத்த எடுத்த நேரம் இருக்கிறதே, அதுதான் இன்றுவரை ஜெயரட்ணத்தின் நெஞ்சுக்குள் நிற்கிறது. அந்த நேரத்துக்குள் "நில்லுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே இருந்து மூன்று தட்டு. ட்ரெயிலர் போய்விட்டது.

அன்றோடு திருநீற்றுப் பொட்டலத்தை லாயத்துக்குள் அவர் பிரித்ததில்லை. ரோசி தினமும் தலையைக் குனிந்து காத்து நிற்கும். அவர் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடந்து போவார். 401 நெடுஞ்சாலையில் எந்தக் குதிரை ட்ரெயிலர் முன்னால் போனாலும் அதை முந்தமாட்டார். பின்கதவைப் பார்த்தபடியே போய், தான் இறங்கவேண்டிய இடத்தையும் தவறவிடுவார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறிக்கு எலும்பு காணாதெண்டு சண்டை பிடிக்கிற மனுசன், குதிரைக்குக் கண்ணீர் விடுறார்" என்றாள் ரதி. "ஆடும் உயிர்தானேயப்பா?"

"ஓம், உயிர்தான். ஆனா ஆட்டை நான் திருநீறு பூசிக் கூப்பிடேல்லையே, ரதி."

அதற்குப் பிறகு அவள் அதை வைத்துப் பகிடி பண்ணவில்லை.

ஆனி மாதம் கோயில் கொடியேறியது. வேட்டைத் திருவிழாவன்று முருகன் குதிரை வாகனத்தில் வெளிவீதி சுற்றுவார். வெளிவீதி என்பது கோயில் கார் தரிப்பிடம்தான். ஒன்பது வருடமாக வாகனத்தைக் காவிச் சுமக்கும் முன்தண்டு ஜெயரட்ணத்தின் தோளில். சாமி காவ ஆட்களை ஒழுங்குபண்ணும் பத்மநாதன் போனில் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வேட்டை. நேரத்துக்கு வந்திடும் ஐசே."

"இந்தமுறை என்னை விடுங்கோ அண்ணை."

"என்ன, தோள் நோவோ? லாயத்தில நிக்கிற ஆள் நீர். நீர் வராட்டி மரக்குதிரையும் வெளிக்கிடாது காணும்!"

பத்மநாதன் சிரித்தார். ஜெயரட்ணம் போனை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் றிச்சர்ட் வந்து சொன்னான்: ரோசிக்கும் கால் போய்விட்டது, வியாழன் ட்ரெயிலர் வரும், ஏற்றுவது உன் பொறுப்பு.

வியாழன் இந்தக் கையால் ரோசியை ஏற்றிவிட்டால், சனிக்கிழமை மட்டுமல்ல, இனி ஒருநாளும் இந்தக் கையால் சாமியின் தண்டைத் தொட முடியாது. அவருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. "நான் ஏத்தமாட்டன்" என்பதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

றிச்சர்ட் கோபப்படவில்லை. அவன் கெட்டவனும் இல்லை. "மாட்டைத் தின்னலாம், குதிரையைத் தின்னக்கூடாதா, ஜே? மண்ணுக்குள் புழு தின்பதை எங்கேயோ ஒரு மனிதன் தின்கிறான். நீ ஏற்றாவிட்டால் தடியும் கயிறும் ஏற்றும். அது உனக்குப் பரவாயில்லையா?"

ஏற்றினால் ஏமாற்று, ஏற்றாவிட்டால் அடி. ஜெயரட்ணம் சாணி வண்டிலைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "மிருக டொக்டரை இங்கே கூப்பிடு. நோகாமல் சாக ஊசி போடட்டும். நான் பிடிக்கிறேன். குழியும் நானே இருந்து பார்க்கிறேன். அது என்னை நம்புகிறது."

றிச்சர்ட் ஏழாம் அறைப் பக்கம் பார்த்தான். அவன் அந்தப் பக்கம் வந்து எட்டு மாதமென்பது ஜெயரட்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"காலையில்..." என்று றிச்சர்ட் மெல்லக் கேட்டான், "உனக்கும் கேட்கிறதா?"

ஜெயரட்ணம் ஓம் என்று தலையை ஆட்டினார். றிச்சர்ட் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வியாழன் நல்ல வெயில். ரோசியின் அறைக்கு முன்னால் ஜெயரட்ணம் பொட்டலத்தைப் பிரித்தார். அது தலையைக் குனிந்தது. அவர் பூசினார். "புல்லுக்குத்தான் போறம் அம்மா. ஆனா இண்டைக்குத் திரும்பி வாறேல்லை. உன்னட்டைப் பொய் சொல்லமாட்டன்" என்றார். அது நொண்டி நொண்டி அவரோடு நடந்தது. மேப்பிள் மரத்தடியில் நான்கு வாய் புல் கடித்தது. டொக்டர் ஊசி போட்டபோது அதன் தாடை அவர் உள்ளங்கையில் இருந்தது. பாரம் மெல்ல மெல்லக் கூடி, பிறகு கையில் அடங்காமல் போயிற்று. அவர் தேவாரம் ஒன்றை முணுமுணுத்தார். றிச்சர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது ரோசியின் அறை அமைதியாகக் கிடந்தது. ஏழாம் அறையில், டொக், டொக், டொக்.

சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போனார். பத்மநாதன் முன்தண்டைக் காட்டினார். ஜெயரட்ணம் தோளைக் கொடுத்தார். மேளம் எழும்பியது. மரக்குதிரை அவருக்குப் பின்னால், தலைக்கு மேலே ஆடி ஆடி வந்தது. தெற்கு வீதி திரும்பும்போது பிடரியில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. புல் வாசம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"முகமெல்லாம் வேர்க்குது. தோளை மாத்தட்டோ ஐசே?" என்று பத்மநாதன் காதுக்குள் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை" என்றார் ஜெயரட்ணம். "இதை நான்தான் காவவேணும்."