எரிந்தது கல்தான்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள் ஜெயராணி. கொச்சிக்கடை கோயிலில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறன்று கணவன் மரியநாயகத்தைப் பறிகொடுத்தவள். அதன்பிறகு யார் வந்து 'எல்லாம் தேவ சித்தம்' என்றாலும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடுவாள். தெருவில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு இருட்டிக்கொண்டு வந்த நேரம். கூட வேலை செய்யும் ஷஹீமாவும் அவளும் கடையைப் பூட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். திடீரென்று தெரு பகல்போல வெளித்தது. அவர்களுடைய நிழல்கள் காலடியிலிருந்து கிளம்பிச் சுவரில் ஏறி ஓடின. நிமிர்ந்து பார்த்தால், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலே பச்சையும் வெள்ளையுமாக ஒரு நெருப்புருண்டை வால் நீட்டிக் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டாகப் பிளந்து அணைந்தது. ஜெயராணி திறந்த வாய் மூடாமல் நின்றாள்.

சத்தம் பிறகுதான் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. "குண்டு!" என்று யாரோ அலற, தெருவில் நின்ற சனம் அப்படியே தரையில் விழுந்தது. ஷஹீமா அவளை இழுத்துப் போட்டு, தலையைத் தன் கையால் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் வெள்ளவத்தையிலிருந்து யூடியூப் சேனல்காரன் கிருபாகரன் கடைக்கு வந்தான்.

"கண்டதைச் சொல்லுங்கோ அன்ரி."

"கல்லு ஒண்ணு எரிஞ்சு விழுந்திச்சு. அழகா இருந்திச்சு. அவ்வளவுதான்."

"உங்கட ஹஸ்பண்டை நினைச்சனீங்களா?"

"இல்ல."

இதுதான் அவள் சொன்னது. வீடியோ வந்ததும் ஷஹீமா போனை நீட்டினாள். 'குண்டில் பலியான கணவர் ஒளியாக வந்தார்! கதறும் மனைவி!' சோக இசை. சவ அடக்கத்தில் அவள் மண்ணில் புரண்டு அழுத படம். மாலையில் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத நாலைந்து பெண்கள் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார்கள். ஜெயராணி எல்லாவற்றையும் ஊதி அணைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

கிருபாகரனின் ஸ்டூடியோ, வெள்ளவத்தையில் அடுக்குமாடி ஃபிளட் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓர் அறை.

"வாங்கோ அன்ரி, சனம் அழுதழுது ஷெயார் பண்ணுது! உங்களுக்கும் ஆறுதல்தானே?"

"ஆறுதலா? நான் அழுத படத்தை யாரைக் கேட்டுப் போட்டே?"

"அது எல்லா இடமும் கிடக்கிற படம் அன்ரி. எடிட்டிங்கில கொஞ்சம்..."

"நான் இல்லன்னு சொன்னேன். அந்த இல்லையை எங்க வெட்டிப் போட்டே? எடுத்து என் கையில குடு!"

அவள் குரலுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் ஆட்கள் கூடினார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு வீடியோவை எடுத்திடுறன்."

"இப்ப எடு." கமராவுக்கு முன்னாலிருந்த கதிரையில் அவள் அழுத்தமாக உட்கார்ந்தாள். "எடுக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஒளியா வந்தாரு, கதறினேன்னு போட்டியே. கதறிக் காட்டவா?"

அவன் வேர்த்துப்போய் வீடியோவை அழித்தான். அழிந்ததா என்று அவனுடைய போனிலும் தன்னுடைய போனிலும் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

வெள்ளவத்தைக் காலி வீதிக்கு இறங்கி பஸ் தரிப்பைப் பார்த்து நடந்தாள். ஷஹீமாவிடம்கூட அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த நெருப்புருண்டை போன நேரத்தில் மரியநாயகம் உண்மையாகவே அவள் நினைவில் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எந்த வலியும் ஒட்டாமல் எதையோ பார்த்து அவள் மகிழ்ந்திருந்தாள். கடவுளிடமிருந்தும் குண்டு வைத்தவனிடமிருந்தும் தப்பித்த அந்த ஒரு கணத்தையும் இந்தப் பாவி பிடுங்கி விற்றுவிட்டான்.

பஸ் தரிப்பில் நின்றபோது ஷஹீமா அழைத்தாள். "ராணி, அந்த வீடியோவ இன்னொரு பேஜ்லயும் போட்டீக்கி."

"எந்தப் பேஜ்?" என்றாள் ஜெயராணி. வந்து நின்ற பஸ்ஸை அவள் போக விட்டாள். "ஆளு யாரு, எங்க இருக்கான்னு பார்த்துச் சொல்லு."