வாங்குகிற தராசு

யாரையும் எளிதில் நம்பாத பிறவி நான். பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. நான் ஒடித்ததை முகர்ந்தும் பார்ப்பேன். உன்னைக் கட்டிக்கொள்கிறவன் பாவம் என்று அம்மா சொல்வாள். இந்தக் குணத்தோடுதான் இருபத்திரண்டு வயதில் மட்டாஞ்சேரியில் பாலவாடி டீச்சராகச் சேர்ந்தேன். இதே குணத்தால் ஒரு நாலு வயதுப் பெண்குழந்தைக்கு மூன்று வாரம் வீட்டில் பால் இல்லாமல் போனதை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கேரளம் என்று தனி மாநிலம் உருவாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பாலவாடி கொச்சங்காடியில், ஒரு மாதர் சங்கத்தின் பொறுப்பில் நடந்தது. ஒரு பக்கம் மிளகுக் கிடங்கு, எதிரே சாயாக்கடை, நடுவில் ஓடு வேய்ந்த எங்கள் கூடம். மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். என்னைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் மலையாளம், கொங்கணி, கட்ச் பக்கத்துக் கச்சி. சண்டை மட்டும் எல்லோரும் மலையாளத்தில் போடுவார்கள். காலையில் பாட்டு, கதை, மணலில் எழுத்து, பதினொரு மணிக்கு ஆளுக்கொரு தம்ளர் பால்.

பிற்பகலில் நான் வீடு வீடாகப் போக வேண்டும். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, இருமுகிறதா என்று தாயிடம் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். நோட்டோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால் அந்த நாளில் யார் நம்புவார்கள்? ரேஷன் ஆபீசிலிருந்து வந்தவள் என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். அட்டையில் இருக்கிற பெயர்களுக்கும் பாயில் படுக்கிற தலைகளுக்கும் ஒத்துப்போகாத வீடுகள் நிறைய. என்னைக் கண்டதும் அவர்கள் எதையாவது மறைப்பார்கள். மறைத்ததைக் கண்டதும் எனக்கு மூக்கில் வேர்க்கும். இப்படியே ஒருவரையொருவர் நோட்டம் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் ஓடியது.

பிறகு சங்கத்துக்குப் பால்பொடி கூடுதலாகக் கிடைத்தது. சனிக்கிழமைதோறும் தாய்மார்கள் டின் கொண்டுவந்தால், பிள்ளைக்கு வீட்டில் கரைத்துக் கொடுக்க இரண்டு கிண்ணம் பொடி போட்டுத் தரலாம் என்று முடிவானது. தொடங்குவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் தன்னுடைய எடைக்கருவியோடு வந்து பிள்ளைகளை நிறுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து நாங்களே மறுபடி நிறுத்து, பால் உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு தராசு வேண்டும் என்று செயலாளர் அம்மா பக்கத்துக் கிடங்கு முதலாளியிடம் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. மறுநாளே நாலு சுமட்டுத் தொழிலாளர்கள் பெரிய தராசு ஒன்றைத் தூக்கிவந்து உத்தரத்தில் மாட்டினார்கள். இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டு, ஒரு பெட்டி நிறைய இரும்புப் படிக்கற்கள். கிலோ இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை, எல்லாம் ராத்தல்தான். முதலாளிக்கு மாலை போட்டோம். தராசுக்கு நானே குங்குமம் வைத்தேன்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து நிறுத்தேன். ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தவர்களும் உண்டு, பயத்தில் பலகையை நனைத்தவர்களும் உண்டு. முடிந்ததும் நோட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு பேருக்கும் எடை குறைந்திருந்தது. சிலருக்கு அரை ராத்தல், சிலருக்கு ஒன்று. வேறு யாராவதாக இருந்தால் தராசைச் சந்தேகித்திருப்பார்கள். நான் இருபத்திரண்டு தாய்மார்களைச் சந்தேகித்தேன்.

எதிர்க் கடையில் சாயா கொஞ்ச நாளாக வெள்ளை வெளேரென்று இருப்பதை ஏற்கெனவே கவனித்திருந்தேன். கணக்குச் சரியாகப் பொருந்தியது. பால்பொடி டின்னோடு கடைக்குப் போகிறது, பிள்ளை பட்டினி கிடக்கிறது. அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அலைந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குள் நுழைந்து, 'டின்னைக் காட்டுங்க' என்றேன். முகம் சுளித்துக்கொண்டாவது எல்லோரும் காட்டினார்கள். ஒருத்தி மட்டும் காட்டவில்லை.

அவள் பக்கத்துக் கிடங்கில் மிளகு புடைத்துத் தரம் பிரிக்கிற வேலை செய்தாள். எங்கள் மாதிரியே தலைமுறைகளுக்கு முன்னால் வந்து தங்கிய தமிழ்க் குடும்பம். கணவன் தோப்பும்படி துறைமுகத்தில் வலை இழுக்கப் போவான், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மூத்தவள்தான் என்னிடம் வந்த நாலு வயதுக்காரி. கைக்குழந்தை ஒன்றும் உண்டு. அந்தச் சிறுமி பக்கத்தில் வந்தாலே மிளகு மணக்கும், எனக்குத் தும்மல் வரும். நான் தும்மினால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வேண்டுமென்றே என் மடியில் வந்து உட்காருவாள்.

நான் போனபோது டின் பலகைமேல் இருந்தது. அவள் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"டின்ன எதுக்கு டீச்சரே பாக்கணும்? குஞ்ஞு ஒறங்கறா, பின்னே வாங்கோ."

"சத்தம் போடமாட்டேன் சேச்சி. திறந்து காட்டினா போதும்."

"எம் மோளுக்குக் கொடுக்கறேனா இல்லையான்னு அவகிட்டயே கேளுங்கோ. டின்னு காட்டறதில்ல."

வந்த கோபத்தில் நேராகச் செயலாளர் அம்மா வீட்டுக்குப் போனேன். இருபத்தெட்டு ராத்தல் இருந்த பிள்ளை இருபத்தேழு ஆகிவிட்டது, தாய் டின்னைக் காட்ட மறுக்கிறாள், பொடி கடைக்குத்தான் போகிறது என்று அடித்துச் சொன்னேன். கடைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்ததில்லை. 'பார்த்தாயா?' என்று அவர் கேட்டபோது, 'பார்த்த மாதிரிதான்' என்றேன். அந்த வீட்டுக்கு மட்டும் பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமி டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். தாய் வேலையில் இருந்தாள். உனக்கு இன்றைக்கு இல்லை என்றேன். நான் விளையாடுவதாக நினைத்து, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வந்தாள். எல்லோருக்கும் போட்டு முடித்துப் பொடிப் பீப்பாயை மூடினேன். அவள் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன டீச்சரே செய்தேன்?" என்று கேட்டாள். மூடியைத் திறக்கக் கை போனது. ஆனாலும் தாய்க்குப் புத்தி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்று சனிக்கிழமை அப்படிப் போனது. மூன்றாவது வாரம் அவள் டின்னே கொண்டுவரவில்லை. நான் தும்மினால் சிரிப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மதியம், கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் தாய் வந்தாள். கெஞ்ச வருகிறாள், அல்லது சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். எடை குறைந்ததென்று பொடி நின்றது அவள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தராசடிக்குப் போய் அண்ணாந்து தண்டைப் பார்த்தாள்.

"இதுலயா எம் மோள வச்சீங்க?"

"ஆமாம். ஏன்?"

அவள் மகளைக் கூப்பிட்டு, நான் வழக்கமாக உட்காரவைக்கும் வலது தட்டில் வைத்தாள். கற்களை இடது தட்டில் ஏற்றினாள். இருபத்தேழு. பிறகு கற்களை எல்லாம் இறக்கி, மகளை இடது தட்டுக்கு மாற்றி, கற்களை வலது தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். இருபத்தேழு வைத்தபோது தட்டு அசையவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பதாவது ராத்தலில்தான் தண்டு நேராக நின்றது.

நான் கற்களை மறுபடி எண்ணினேன்.

"இது வாங்கற தராசாக்கும் டீச்சரே," என்றாள். "மலையிலேருந்து மொளகு கொண்டுவரவாகிட்ட வாங்கறதுக்கு ஒண்ணு, கப்பலுக்கு விக்கறதுக்கு ஒண்ணு. தண்டு ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, கண்ணுக்குத் தெரியாது, வைக்கற சரக்கக் கொறச்சுக் காட்டும். எங்களுக்கும் பொடச்ச மொளக நிறுத்து, தூக்கம் பாத்துத்தான் கூலி. தட்ட மாத்தி வச்சுப் பாக்காம நாங்க யாரும் கை வைக்கமாட்டோம். ரெண்டு பக்கமும் வச்சு, நடுவுல உள்ளத எடுத்துக்கோங்கோ."

இருபத்தேழுக்கும் முப்பதுக்கும் நடு இருபத்தெட்டரை. நர்ஸ் நிறுத்தபோது இருந்ததைவிட அரை ராத்தல் கூடுதல். அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் இடையில் புகுந்து மூன்று வாரப் பாலைப் பிடுங்கியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ டின்னை ஏன் மறைச்சீங்க சேச்சி?" என்றேன்.

"சனிக்கெழம கொடுத்தது புதனாழ்ச்ச தீந்துபோயிருந்தது. குஞ்ஞுக்கும் கரைச்சுக் கொடுத்தேன். எனக்குப் பால் வத்திப்போச்சு. மூத்தவ பேர்ல வாங்கினத எளையவளுக்குக் கொடுக்கறேன்னு தெரிஞ்சா நீங்க எழுதிடுவீங்கன்னு பயந்தேன். நோட்டு கையில இருந்ததே." சொல்லிவிட்டு மகளைத் தட்டிலிருந்து இறக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தராச நான் காட்டினேன்னு ஆர்கிட்டயும் பறையாதீங்கோ. ஜோலி போயிரும்," என்றாள்.

அன்று மாலை செயலாளர் அம்மாவிடம் போய், நிறுக்கத் தெரியாமல் நான் தப்பாக நிறுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். தராசைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் வேலை போய்விடும் என்பதற்காகத்தான் சொல்லாமல் விட்டேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். மாலை போட்ட முதலாளியைக் குறை சொல்ல எனக்கும் தைரியம் இல்லை என்பதும் உண்மை. பால்காரரையும் வெண்டைக்காயையும் மிளகு புடைக்கிறவளையும் சந்தேகிக்க மட்டும்தான் என் தைரியம் போதுமானதாக இருந்தது. செயலாளர் அம்மா என்னைக் கடிந்துகொண்டு, பொடியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். கைக்குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுதினேன். அங்கே வேலை பார்த்தவரை ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு தட்டிலும் வைத்துத்தான் நிறுத்தேன். சாயாக்கடைக்காரர் ஓர் எருமை வாங்கியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை தாயே டின்னோடு வந்தாள். வரிசையில் அவள் முறை வந்ததும், எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்து, டின்னைக் கவிழ்த்துத் தட்டி, உள்பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வேண்டாம் சேச்சி," என்றேன்.

"பாத்துக்கோங்கோ டீச்சரே."

குரலில் கோபம் இல்லை. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே நீட்டினாள். மூத்தவள் பள்ளிக்கூடம் போய், கைக்குழந்தை வளர்ந்து என்னிடம் படித்து முடிக்கிறவரை, ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன்.