ஜெயராமன் படகும் என் கொலுக் கோபுரமும்

அல்சூர் ஏரியில ஞாயித்துக்கிழமையானா படகு விட்டுக்கிட்டிருந்த ஜெயராமனுக்கு நீச்சல் தெரியாது. அத மறைக்கவும் மாட்டார். "எனக்கு பயம் இருக்கறதாலதான் உங்க உசுரு பத்திரமா இருக்கு"ம்பார்.

எங்க பின்வீட்டுக்காரர். மத்த நாள்ல ஃபேக்டரியில ஃபிட்டர். அறுபத்துமூணாம் வருஷம் அவரே தகரம் வெட்டி, ரிவிட் அடிச்சு நீலப் படகு ஒண்ணு பண்ணினார். மரப் படகுல தண்ணி பூந்தாலும் மெதக்கும். தகரம் நேரா அடிக்குத்தான் போகும். அதனால உக்கார்ற பலகைக்கு அடியில எதையோ அடைச்சு வெச்சிருந்தார். என்னன்னு நான் பாத்ததில்ல. நாலு பேருக்கு மேல ஏத்த மாட்டார், கெஞ்சினாலும் சரி. எங்க வீட்டுக்காரர் அவருக்கு ஹெட்மாஸ்டர்னு பேரு வெச்சிருந்தார்.

அடுத்த வருஷம் நவராத்திரி. எல்லார் வீட்டுக் கொலுவுலயும் அதே பார்க்கு, அதே முளைப்பயறு. எனக்கு அலுத்துப்போச்சு. ஜெயராமன் பெண்டாட்டி முத்தம்மாகிட்ட, "வெள்ளையா லேசா எதாச்சும் கெடச்சா கோபுரம் கட்டலாம்டி"ன்னேன். மறுநாள் நாலு கட்டி கொண்டாந்தா. மெஷின் பார்சல்ல சுத்தி வர்ற வெள்ளை நுரைக் கட்டி. இப்ப தெர்மகோல்ங்கறோமே, அது. எங்கேர்ந்துன்னு நான் கேக்கல, தப்பு என்னுதுதான். அருவாமணையில செதுக்கி அஞ்சு நிலைக் கோபுரம் நிறுத்தினேன். தெருவே வந்து வாயப் பொளந்துச்சு.

மூணாம் நாள் ஞாயிறு. எங்க வீட்டுக்காரர் பொண்ணு ரமாவ கூட்டிக்கிட்டு படகு ஏறப் போயிட்டார். நான் சுண்டல் தாளிக்கறேன். முத்தம்மா கோபுரத்துக்கு முன்னால நின்னு, "பலகைக்கு அடியில சும்மா கெடந்த குப்பை எப்படி ஆயிடுச்சு பாருக்கா"ன்னா.

"எந்தப் பலகைடி?"

"படகுல."

"எந்தப் படகுல?"

"ஏன், நாங்க என்ன பத்து படகா வெச்சிருக்கோம்?"

அவ கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு செருப்புகூட போடாம ஓடினேன். வழியெல்லாம் அவளத் திட்டினேன். "அந்த மனுஷன் எதுக்கு வெச்சிருக்கார்னு வீட்டுல சொன்னாத்தானே? கேட்டது நீதானே?"ன்னா. அதுவும் நியாயந்தான்.

ஏரிக்கரைக்கு வந்து பாத்தா, நீலப் படகுல விளிம்பு வரைக்கும் தண்ணி. எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் மத்தது தெரிஞ்சுது. படகு கரையோரமா கயத்துல கட்டியிருக்கு. அதுக்குள்ள ஜெயராமன் ஒருத்தர்தான் நனைஞ்சு நிக்கறார், கையில வாளி. எங்க வீட்டுக்காரரும் ரமாவும் புல்லுல உக்காந்து கடலை தின்னுக்கிட்டிருந்தாங்க.

"ஒரு மணி நேரமா உக்கார வெச்சிருக்கான்"னார் இவர். "நல்ல படகுல தண்ணிய வாரி ஊத்தறான், பைத்தியம்!"

அந்தப் பைத்தியத்தக் கும்பிடணும்போல இருந்துச்சு எனக்கு.

மொதல் சவாரிக்கு முன்னால பலகைக்கு அடியில கைய விட்டுப் பாக்காம அவர் படக அவுக்கறதே இல்லையாம். கை விட்டா காலி. உடனே சிவாஜிநகர் போய் பழைய லாரி ட்யூப் ரெண்டு வாங்கியாந்து, காத்தடிச்சு, பலகைக்கு அடியில கட்டியிருக்கார். தண்ணி ரொப்பினா முழுகுதான்னு பாக்கறார். முழுகல.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். "இப்பவே கோபுரத்தப் பிரிச்சுக் கொண்டாரேன்"னேன்.

ஜெயராமன் முத்தம்மாவ ஒரு பார்வை பாத்தார். அவ ஏரியப் பாத்தா.

"தசமிக்கு முன்னால கொலுவக் கலைச்சு அந்தப் பாவத்தையும் எனக்கே குடுக்காதீங்கம்மா. அதுவரைக்கும் ட்யூப் போதும், ரெண்டு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். தசமி முடிஞ்சதும் செதுக்கிப்போட்ட துண்டு உள்பட எல்லாம் வரணும். சாக்குல கட்டி அடைச்சுக்கறேன்."

தண்ணிய எறைச்சுக் கொட்டிட்டு இவரையும் ரமாவையும் ஏத்தி விட்டார். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நானும் முத்தம்மாவும் கரையிலேயே உக்காந்திருந்தோம். அவளத் திட்ட இன்னும் நெறைய பாக்கி இருந்துச்சு. கண்ண படகுலேர்ந்து எடுக்காம, அத அப்புறத்துக்கு வெச்சுக்கிட்டேன்.