பட்டன் போனும் ரிக் வண்டியும்

என் கணவர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் இப்படிச் சொன்னால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரியோடு வடக்கே போய், மாதக்கணக்கில் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கிற வேலை. மழைக்காலத்தில் வண்டி சர்வீசுக்குத் திரும்பும்போது அவரும் வருவார். மற்ற நாட்களில் எனக்கு அவர் வெறும் குரல்தான். சில வருடங்களாகக் குரலோடு போன் திரையில் ஒரு நீலப் புள்ளியும் சேர்ந்துகொண்டது.

அந்தப் புள்ளியைப் போட்டுக்கொடுத்தது அவர்தான். "இனிமேல் எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு நீ கேக்க வேண்டாம். நீயே பாத்துக்கலாம்" என்று ஊருக்கு வந்திருந்தபோது என் போனை வாங்கி ஏதோ அழுத்தினார். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆள் வராத நேரத்தில் கவுண்டருக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு புள்ளியைப் பார்ப்பேன். அது நகர்ந்தால், இந்த வெயிலில் எங்கே போகிறார் என்று யோசனை. நகராமல் நின்றால் இன்னும் மோசம். ஒருமுறை மத்தியானம் முழுக்க ஓர் ஆற்றுப் பாலத்தின் மேலேயே நின்றது. அன்று எத்தனை பேருக்கு என்ன மாத்திரை எடுத்துக் கொடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை. சாயங்காலம் கூப்பிட்டார். பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்பதையும் பார்ப்பேன். ராத்திரி ரெண்டு மணி என்று காட்டினால் அந்த நேரத்தில் யாரோடு பேசினார் என்று தோன்றும். வண்டி ராத்திரியில்தான் அதிகம் ஓடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றும்.

ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கிராமத்தில் போர் போட்டு, தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது ஊரே கை தட்டியதாம். ஒரு சின்னக் குழந்தை மட்டும் பயந்து போய் இவர் காலைக் கட்டிக்கொண்டதாம். "அப்பறம் என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று அவர் ஆரம்பிக்கும்போதே நான் குறுக்கே புகுந்தேன். "அது கெடக்குதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருந்தீங்களே, எதுக்குங்க?"

"பைப் வண்டி வரலைன்னு காத்துக்கிட்டு இருந்தோம். சரி, வெக்கட்டுமா?" என்றார். வைத்துவிட்டார்.

அந்தக் குழந்தை என்ன பண்ணியது என்று நான் கேட்கவே இல்லை. அன்றைக்கெல்லாம் அதுதான் மனசில் உறுத்திக்கொண்டு இருந்தது. மறுநாள் கடைக்குப் போகிற வழியில் மொபைல் கடையில் என் போனைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் அவரிடம் சொன்னேன். "உனக்கு எது தோதுப்படுதோ அதைச் செய்" என்றார். குரலில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏன் அம்மிணி, ஊட்டுக்காரர் எங்கியோ கண்காணாத தேசத்துல கெடக்கறாரு. இந்த நேரத்துல போய் இப்படிப் பண்ணுவாங்களா?" கேட்டாலும், என் மகளின் பள்ளிக்கூடத்துச் செய்திகளையெல்லாம் தன் போனுக்கு வரும்படி செய்துகொண்டதும் அந்த அக்காதான். சாயங்காலம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டுப்பாடத்தை வாசித்துக் காட்டுவார்.

பட்டன் போன் வாங்கியதும் பயம் விட்டுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். விடவில்லை. முன்பு பயப்படுவதற்கு ஒரு புள்ளியாவது இருந்தது. இப்போது வெறும் இருட்டில் துழாவுகிற மாதிரி இருந்தது. நான் கூப்பிட்டால் பாதி நேரம் ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ சொல்லும். அர்த்தம் தெரியாமலேயே அந்த வாக்கியம் முழுதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் மாறியது. அவர் கூப்பிடும்போது விசாரிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவர் சொல்வதைக் கேட்டேன்.

மாசி மாதம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார்.

"தம்பி வண்டியில இருந்து கூப்புட்டுச்சா அம்மிணி?"

"நேத்து கூப்புடலீங்க. ஏனுங்க அக்கா?"

"ஒன்னுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார். சும்மா கேட்கிறவர் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்க மாட்டார். அவர் கையில் போன் இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

தெருமுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். டவுன் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒருத்தி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அவளுடைய நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். கடைக்குள் நுழைந்தபோது முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னிக்கு லீவு வேணும்னா எடுத்துக்கம்மா" என்றார்.

"என்னங்கண்ணா ஆச்சு? எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. சொல்லுங்கண்ணா."

அவர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். ஒரு ரிக் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. சக்கரங்கள் மேலே பார்த்துக்கொண்டு இருந்தன. பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட். என் கணவருடைய கம்பெனி வண்டிகளின் பெயிண்ட். நம்மூர் வண்டி, சத்தீஸ்கரில் விபத்து, மூன்று பேர் இறந்துவிட்டதாகத் தகவல் என்று படத்தின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவரும் அப்போது சத்தீஸ்கரில்தான் இருந்தார்.

என் போனில் அவர் எண்ணை அழுத்தினேன். போகவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். முதலாளி தன் போனிலிருந்தும் முயன்றார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் ஸ்கூட்டரிலேயே என்னைக் கம்பெனி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சங்ககிரி ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே போனபோது, வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்ற கவலை வந்தது. அது எப்படி அந்த நேரத்தில் வந்தது என்று இப்போதும் புரியவில்லை.

அலுவலகத்தில் மேனேஜர் இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே ஓர் இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றிருந்தாள். அவள் கணவனும் வண்டிக்குப் போனவன்தான்.

"கவுந்தது நம்ம வண்டிதானுங்க. இல்லேன்னு சொல்லல" என்றார் மேனேஜர். "ஆனா உங்கூட்டுக்காரரு வண்டி இல்ல. அது அடுத்த வண்டி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அப்போ அவருக்கு ஒன்னுமில்லீங்களா?"

அவர் ஒரு போனைக் கையால் மூடிக்கொண்டார். "எடம் மாறும்போது எந்த வண்டியில எடம் இருக்குதோ அதுல ஏறிக்குவாங்க. யாரு எதுல போனாங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். செத்த உக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

அப்போது அந்தப் பெண்ணின் போன் அடித்தது. வீடியோ கால். எடுத்ததும் அவள் அலறினாள். திரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. அவள் கணவன் தலையில் துணி சுற்றிப் படுத்திருந்தான். காலில் மாவுக்கட்டு. "மூஞ்சியக் காட்டுங்க. நல்லாக் காட்டுங்க. இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். யாரும் சாகவில்லை, தன்னோடு இருந்த இன்னொருவனுக்குத் தோளில் அடி என்றான். அவள் குழந்தையின் முகத்தைத் திரையோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அடிபட்டவனின் மனைவி அவள். ஆனாலும் பொறாமைப்பட்டேன். அவளால் பார்க்க முடிந்தது.

"கண்ணு, என்ர ஊட்டுக்காரரு அங்க இருக்காரான்னு கேளு சாமி" என்றேன். அவள் போனை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, அண்ணன் எங்க வண்டியில வரலீங்க" என்றான் அவன். "அவிய வண்டி முந்தின நாளே காட்டுக்குள்ள போயிருச்சு. அங்க டவரு கெடையாதுங்க. பயப்படாதீங்க."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். "இதுக்குத்தாங்க ஆளுக்கொரு நல்ல போன் வேணும்கறது" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. நிம்மதியில் சொன்னார். எனக்கு வந்த நல்ல செய்தி, இன்னொருத்தி கையிலிருந்த அந்தப் போன் வழியாகத்தான் வந்தது.

ஆனாலும் அவர் குரலைக் கேட்காமல் மனசு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "காலையில சொல்ல வாய் வரல அம்மிணி" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மகள் பள்ளியிலிருந்து வந்து சீருடையைக் கூட மாற்றாமல் இருந்தாள். பொழுது சாயும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தான்" என்றார்.

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "இருக்கறியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். பைப் வண்டியில் வந்த ஆள் விபத்தையும் போட்டோவையும் பற்றிச் சொன்னதும், யாரிடமோ பைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, டவர் கிடைக்கும் வரைக்கும் ரோட்டிலேயே வந்தாராம். "அந்தப் போட்டோ உனக்கு வந்திருக்காதுன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம்தான் ஊரு சும்மா உடாதேன்னு தோணுச்சு" என்றார்.

மகள் பேசினாள். அக்கா பேசினார். திரும்ப என் கைக்குப் போன் வந்தபோது அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"நீ ஒன்னும் நெனச்சுக்காத. ஒன்னு சொல்லட்டா?" என்றார். "வெடியால நீ எந்திரிச்சதும் போனப் பாப்ப இல்ல? ஆன்லைன்னு காட்டும். வண்டி நிறுத்திட்டு அதைப் பாத்துட்டுத்தான் நான் படுக்கறது. சரி, ஊட்டுல எந்திரிச்சாச்சு, எல்லாரும் நல்லா இருக்கறாங்கன்னு. நீ அந்தப் போனக் குடுத்ததுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க."

"என்னன்னு சொல்றது? உனக்கு அது வேண்டாம்னு ஆயிருச்சு. எனக்காக வெச்சுக்கன்னா சொல்ல முடியும்?"

நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கமிருந்தும் ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போனை மாற்றியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். மாற்றியிருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆனால் அவரிடம் முதலில் பேசியிருப்பேன்.

"திரும்ப வாங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "வேண்டாம். இப்பத்தான் நீ நான் சொல்றதக் கேக்கற" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

இப்போது விடிகாலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு ரிங் விடுகிறேன். அவர் எடுக்காமல் கட் செய்வார். அவ்வளவுதான் பேச்சு. நான் வாசல் தெளிக்கப் போவேன், அவர் படுக்கப் போவார். வண்டி காட்டுக்குள் இருக்கிற நாட்களில் ரிங் போகாது. அன்று கடையில் ஒரு சீட்டை இரண்டு முறை படித்துத்தான் மருந்து எடுக்கிறேன். மத்தியானத்துக்குள் வேறு யார் எண்ணிலிருந்தாவது கூப்பிட்டுவிடுவார். கூப்பிடாவிட்டால் மேனேஜருக்குப் போன் செய்வேன். நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, "நல்லா இருக்காருங்க" என்று ஆரம்பித்துவிடுவார் அவர்.