படவேட்டு அம்மன் இந்தியில் பேசிய ஞாயிற்றுக்கிழமை

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. இன்றைக்கும் ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள்தான் எனக்காகச் சொல்ல வேண்டும். ஆயாவுக்கு வாயே கிடையாது என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஆரணியில் ஒரு தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஐந்தாவது முடித்ததும் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பட்டு நூல் வியாபாரம் செய்த பாய் வீட்டுக்குத் தார் சுற்ற அனுப்பினார்கள். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து சுற்றியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்குக் கல்யாணமாகிப் பக்கத்திலிருக்கும் சேத்துப்பட்டுக்குப் போனபின் ராட்டை கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. பிறகு நான் போனேன். கைக்குத்தான் அங்கே வேலை. காது சும்மா இருந்தது. பாயம்மாவும் அவர் மருமகள்களும் நாள் முழுக்க உருதில் பேசுவதும் சண்டை போடுவதும் அதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் ஞாயிறு காலை அம்மன் கதை போட்டார்கள். எங்கள் தெருவில் டிவி இருந்தது முதலாளியம்மா வீட்டில் மட்டும். அந்த வீட்டுக்குத்தான் தெருவில் பாதிப் பேர் தறி நெய்தார்கள். ஒன்பது மணிக்குத் தறிச் சத்தம் நின்றுவிடும். குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி எல்லாரும் போய்க் கூடத்தில் உட்காருவோம். படம் இந்தி. ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் முதல் வாரமே ரேணுகா என்ற பெயர் காதில் விழுந்ததும் கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம்ம படவேட்டு அம்மனை டெல்லிக்காரனுக்கும் தெரிந்திருக்கிறதே என்று எல்லாருக்கும் பெருமை.

பாய் வீட்டில் கேட்ட வார்த்தைகள் சில அதில் வந்தன. அன்றைக்கு நான் அம்மாவின் காதோரம், ராஜா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறார் என்றேன். முதலாளியம்மா காதில் அது விழுந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துப் போய் டிவி பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். ஜனங்களைப் பார்க்க முடியாமல் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகைக் காட்டிக்கொண்டால் எனக்குப் பேச்சு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாமிகள் பேசியது பாயம்மா பேசுகிற பாஷை இல்லை. பத்து வார்த்தை பேசினால் எனக்கு நாலு புரியும், மிச்சம் ஆறையும் நானே போட்டுக்கொள்வேன். தெரிந்த கதைதானே என்று ஒரு தைரியம். அடுத்த வாரமும் முக்காலி எனக்காகக் காத்திருந்தது. மூன்றாம் வாரம் முறுக்கும் வந்தது.

நாலாவது வாரத்தில் அத்தை ஒரு பையோடு வீட்டுக்கு வந்து நின்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழாயடியில் குடம் நிரம்புகிற வரைக்கும் யாரோ ஓர் ஆளோடு சிரித்துப் பேசினாள் என்பது குற்றம். அவர் யார், என்ன பேசினாள் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. சேத்துப்பட்டிலிருந்து ஒரே ஒரு சேதிதான் வந்தது: படவேட்டுக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் திரும்ப வரலாம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் தப்பு செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு அடி அடித்துவிட்டு வாழப் போ, அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றார் அப்பா. அம்மாவும் அதையேதான் சொன்னாள். அத்தை வாயைத் திறக்கவில்லை. ஞாயிறுகளில் கூடத்துக்கு வந்து கடைசிச் சுவரோரம் உட்காருவாள். யாரும் அவளிடம் பேசமாட்டார்கள், அவளும் யாரிடமும் பேசமாட்டாள்.

பின்கட்டில் குடம் தேய்க்கும்போது மட்டும் அவள் உதடு அசையும். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது அது என் காதில் விழுந்தது. புளியை வைத்து அந்தப் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டே அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். நான் நின்றதை அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

பதினோராவது ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அத்தையின் மாமியாரும், அத்தையின் புருஷனான மாமாவும் வந்து இறங்கினார்கள். மாமியார் இடுப்பில் கற்பூரப் பொட்டலம் முடிந்திருந்தது. படவேட்டுக்கு பஸ் பதினோரு மணிக்கு, அதை விட்டால் சாயங்காலம்தான். அதுவரைக்கும் சும்மா எதற்கு, அம்மன் கதை பார்க்கலாம் என்று அவர்களையும் கூடத்துக்கு அழைத்துப் போனோம். மாமியாரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கென்று குடம் உடைகிற கதை வந்தது. அம்மன் தினமும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பச்சை மண்ணில் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டு வருவாள். அன்றைக்கு ஆகாயத்தில் போன ஒருவனுடைய நிழல் தண்ணீரில் தெரிந்தது. அவள் அழகாயிருக்கிறதே என்று பார்த்தாள், அவ்வளவுதான். குடம் கரைந்து போயிற்று. வெறுங்கையோடு வந்து நின்றவளைப் பார்த்து அவள் புருஷன் முனிவர் கத்தினார். அதற்கு அம்மன் ஏதோ நீளமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கு நாலு வார்த்தை என்ன, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

பின்னாலிருந்து, இன்னா சொல்றா, ஜல்தி சொல்லு என்று குரல்கள். என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"தெனம் தண்ணி கொண்டாந்தேன். அப்பல்லாம் ஒரு வார்த்த கேக்கல. ஒரு நாளு கொடம் ஒடஞ்சதுக்குக் கேக்கறீங்களா? நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கடைசிச் சுவரோரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. ஏழு வாரத்தில் அந்தக் கூடத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"பாப்பா, இன்னொரு வாட்டி சொல்லு. நல்லா ஒரக்கச் சொல்லு."

சொன்னேன். எனக்கே தெரியாத ஒரு குரலில், கடைசிச் சுவர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.

படம் முடிந்தது. மாமியார் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு என்றார். அத்தை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, அம்மன் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். கடைசியில் மட்டும் தன்னுடையதாக ஒன்று சேர்த்தாள்.

"கூட்டிகினு போறதுனா இப்பிடியே கூட்டிகினு போங்க. இல்லைனா உங்க பஸ்ஸுக்குத்தான் நேரமாச்சு."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமியார் என் பக்கம் திரும்பி, எங்க ஊர்ப் பாட்டுல அம்மன் அப்பிடிச் சொன்னதா இல்லியே என்றார்.

முதலாளியம்மா விடவில்லை. "உங்க ஊர்ல டிவி இருக்குதா?" என்று கேட்டார். பிறகு, "அம்மனே சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டா. அவ எதிர்லயே போயி இவளப் பண்ணச் சொன்னா, அந்தத் தாயி நம்மள சும்மா உட்ருவாளா?"

பெண்கள் ஒவ்வொருவராக ஆமாம் ஆமாம் என்றார்கள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவர் அம்மா முறைத்ததும் செருப்பைத் தேடினார்.

அடுத்த ஞாயிறு மாமா தனியாக வந்தார். படம் முடிகிற வரைக்கும் அத்தை அவரை வாசலில் காக்க வைத்தாள். அப்புறம்தான் பையை எடுத்துக்கொண்டு போனாள். கற்பூரப் பொட்டலத்தை மாமியார் முந்தின ஞாயிறே எங்கள் வீட்டில் அவிழ்த்து வைத்து மறந்துவிட்டுப் போயிருந்தார். அதை வைத்து அம்மா ஒரு மாதம் வெள்ளிக்கிழமை விளக்குக்குக் கற்பூரம் வாங்காமல் ஓட்டினாள். எனக்கு முதலாளியம்மா ஒரு பட்டுப் பாவாடைத் துணி கொடுத்தார். நெய்கிற வீட்டில் பிறந்தும் அதுதான் என் முதல் பட்டு.

அப்புறம் எனக்கும் கல்யாணமானது. பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே கலர் டிவியும் கேபிளும் வந்தது. ஒரு ஆடி மாதம் அதே அம்மன் கதையைத் தமிழ் பேச வைத்துத் தினமும் போட்டார்கள். எனக்குத் திக்கென்றது. பதினோராவது நாள், படவேட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில் அத்தை வந்துவிட்டாள். ஆடிக்கு ஆடி போவாள், பொங்கல் வைப்பாள், கற்பூரம் மட்டும் வாங்கமாட்டாள். டிவியை அணைக்கலாம் என்று எழுந்தேன். இருக்கட்டும், உட்காரு என்றாள்.

குடம் கரைந்தது. முனிவர் கத்தினார். அம்மன் தமிழில் சொன்னாள்: சுவாமி, என்னை மன்னித்துவிடுங்கள், அறியாமல் பிழை செய்துவிட்டேன். அதையே நாலு விதமாகச் சொல்லி அழுதாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என்னால் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழக்கம் விடவில்லை, டிவி பக்கமே திரும்பிக்கொண்டு, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன் அத்தே என்றேன்.

"தெரியும். அன்னிக்கும் இதையேதான் சொல்லி அழுதா," என்றாள் அத்தை. "பாய் வீட்ல உனக்கு முன்ன ஆறு வருசம் தாரு சுத்தினவ நானு. உனக்கு நாலு வார்த்த புரிஞ்சா எனக்கு எட்டுப் புரியாதா?"

தெரிந்தே ஏன் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அதத்தான் நான் கொடத்துகிட்டச் சொல்லிகினு இருந்தேன். நீ தெருவுக்கே சொன்ன. மொத வாட்டி என் மாமியாருக்குச் சரியா கேக்கல, பாப்பா. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."