சித்தேரி எலியும் பங்காளி எலியும்

காட்டெலி ஆராய்ச்சி என்பது, பட்டம் வாங்கியவர்கள் பட்டப்பகலில் வரப்போரம் தவழ்கிற தொழில். எலித்தொல்லையால் தூக்கம் கெட்டவர்களே, எலி கிடைக்காமல் தூக்கம் கெட்டவள் பேசுகிறேன். சித்தேரி மலை எலியும் அரூர் வயல் எலியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரபணுவில் வேறு. கூடி வாழும் குணமும் பிறப்பிலேயே வேறு என்று நிரூபித்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

புரட்டாசிப் பொறி

அரூர்ப் பக்கம் ஒரு வயலில் கருவாடு கோத்து இருபது பொறி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கருவாடு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றிலும் தேங்காய்ச் சில்லு. எலி மட்டும் தாராளமாக விழுந்திருந்தது. வயலுக்குச் சொந்தக்கார அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"புரட்டாசி மாசத்துல எங்க வயல்ல கருவாடு வெப்பீங்களா? எலியும் விரதம் இருக்கட்டுமுங்க!"

ஒரே கொட்டகை

சித்தேரியில் பிடித்த மலை எலிகள் ஒரே கூட்டில் சேர்ந்து தூங்கின. வயல் எலிகள் ஒன்றையொன்று கடித்தன. துள்ளிக் குதித்து வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். அவர் அசரவில்லை.

"அது வளந்த எடத்துக் குணமா இருக்கும்மா. ரெண்டையும் தனித்தனியா குட்டி போட வெச்சு, ஒரே கொட்டகையில ஒரே கம்புத் தீனி போட்டு வளத்துக் காட்டு. அப்பறம் கையெழுத்துக் கேளு."

சவுக்காரம்

வளர்த்தேன். குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளுமாகப் பன்னிரண்டு கூண்டு. பேராசிரியர் பார்வையிட வரும் நாள் காலை, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பொண்ணு அக்கா, சார் வருகிறாரே என்று கூண்டுகளைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். எது மலை, எது வயல் என்று ஒட்டியிருந்த சீட்டெல்லாம் சாக்கடையில். இரண்டு வருட உழைப்பு போச்சு. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குக் கண்ணு அழுவுற? ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தூங்குதே, அது சித்தேரி. மூலைக்கொண்ணா மொறச்சிக்கினு நிக்குதே, அது வரப்புச் சண்ட பங்காளிங்க. இதுக்குப் போயி சீட்டு எதுக்கு?"

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

அக்கா சொல்லச் சொல்லக் கூண்டுகளில் சாக்பீஸால் எழுதினேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, ஒவ்வொரு எலியின் வால் நுனியிலும் துளி சதை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. பன்னிரண்டும் சரி! நான் போட்ட கூச்சலில் பங்காளிகள்கூட ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டன. பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"சீட்டு இருந்திருந்தா, நீ பாக்க நெனச்சதத்தான் பாத்துட்டன்னு சொல்லியிருப்பேன். இப்ப கையெழுத்து எங்க போடணும், காட்டும்மா."

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் சின்னப்பொண்ணு அக்கா, அடுத்தது சவுக்காரம், பேராசிரியருக்கு மூன்றாமிடம்தான்.